மரபுவழிமை 0.50 என்றால் "பாதி மரபணு, பாதி வளர்ப்பு" என்று எழுதலாமா?

பாடக்குறிப்பு எழுதியது:

உளவியல் முதலாண்டு வகுப்புக்கு, நடத்தையின் உயிரியல் அடிப்படை என்ற அலகுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று இடத்தில் இடறுகிறது.

முதலாவது, இரட்டையர் ஆய்வு. ஒருகரு இரட்டையருக்குள் ஒட்டுறவு (இருவருடைய அளவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண்) 0.60, இருகரு இரட்டையருக்குள் 0.35, எனவே மரபுவழிமை (ஹெரிட்டபிலிட்டி) 0.50 என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த 0.50 எங்கிருந்து வந்தது? "ஒருவருடைய குணத்தில் பாதி மரபணுவால் அமைகிறது" என்று கரும்பலகையில் எழுதினால் தப்பா?

இரண்டாவது, எச்சில் மாதிரி அனுப்பி வாங்கும் டிஎன்ஏ அறிக்கைகள். "போர்வீரன் மரபணு", "கவலை மரபணு" என்று அதில் வருவதை மாணவர்கள் காட்டிக் கேட்கிறார்கள். எவ்வளவு நம்பலாம்?

மூன்றாவது, ஒரே ஒரு மரபணு மாறினால் நடத்தை மாறுகிறது என்று சந்தேகமில்லாமல் காட்டக்கூடிய எடுத்துக்காட்டு வேண்டும். ஹண்டிங்டன் மாதிரி மூளையையே அழிக்கும் நோயாக இல்லாமல், தூக்கம், உணவு தேடுதல் போன்ற அன்றாட நடத்தையாக இருந்தால் நல்லது.

---

சமன்பாடு எழுதியது:

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கணக்கு எளிது. ஒருகரு இரட்டையர் மரபணுக்கள் முழுவதையும் பகிர்கிறார்கள். ஆளுக்கு ஆள் வேறுபடும் மரபணுக்களில் இருகரு இரட்டையர் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள். வீட்டுச் சூழல் இரு வகையினருக்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஒட்டுறவுக்கும் உள்ள இடைவெளி மரபணு விளைவில் பாதி. 0.60 − 0.35 = 0.25. அதை இரட்டித்தால் 0.50. ஒருகரு ஒட்டுறவில் மிஞ்சும் 0.60 − 0.50 = 0.10 பகிர்ந்த சூழல். 1 − 0.60 = 0.40 பகிராத சூழல். ஃபால்கனர் சூத்திரம் என்பது இவ்வளவுதான்.

கரும்பலகையில் அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள். 0.50 என்பது அந்தக் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பிரித்த கணக்கு. தனி ஒருவரைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. கை விரல்களைப் பாருங்கள். ஐந்து விரல் முளைப்பது முழுக்க மரபணு வேலை. ஆனால் பெரியவர்களிடையே விரல் எண்ணிக்கை வேறுபடுவது பெரும்பாலும் விபத்தால். எனவே விரல் எண்ணிக்கையின் மரபுவழிமை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். "மரபணுவால் உண்டாவது" வேறு, "மரபணு வித்தியாசத்தால் வேறுபடுவது" வேறு. இந்த ஒன்று பிடிபட்டால் மாணவர்களின் பாதிக் குழப்பம் தீரும்.

கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே தரத்தில் பள்ளி கிடைத்தால் சூழல் வித்தியாசம் சுருங்கும். படிப்புத் திறனின் மரபுவழிமை ஏறும். ஒரு மரபணுகூட மாறியிருக்காது. எண் உயர்ந்தால் "மாற்ற முடியாதது" என்று பொருள்கொள்ளவும் கூடாது. ஃபீனைல்கீட்டோன்யூரியா ஒற்றை மரபணுக் கோளாறுதான், ஆனால் பிறந்தவுடன் கண்டுபிடித்து ஃபீனைல்அலனின் குறைத்த உணவு கொடுத்தால் அறிவுவளர்ச்சிக் குறைபாடு பெரும்பாலும் தடுக்கப்படுகிறது.

இனி, பாடநூல் சொல்லாமல் விடுவது. அந்த 0.50-க்குப் பிழை எல்லை எவ்வளவு? ஒருகரு 100 ஜோடி, இருகரு 100 ஜோடி என்று வையுங்கள். ஒட்டுறவின் திட்டப் பிழை தோராயமாக (1 − ஒட்டுறவின் வர்க்கம்) வகுத்தல் ஜோடி எண்ணிக்கையின் வர்க்கமூலம். ஒருகருவுக்கு 0.64 ÷ 10 = 0.064. இருகருவுக்கு 0.8775 ÷ 10 = 0.088. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி, மூலமெடுத்து, இரட்டித்தால் 0.217. ஆகவே 95 சதவீத எல்லை 0.50-க்கு இருபுறமும் 0.43, அதாவது 0.07 முதல் 0.93 வரை! கிட்டத்தட்ட எதுவும் தெரியாது என்பதற்குச் சமம். வகைக்கு 2,000 ஜோடி இருந்தால்தான் எல்லை 0.10-க்குள் அடங்கும். வித்தியாசத்தை இரட்டிக்கும்போது பிழையும் இரட்டிக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது அளவீடு. வினாத்தாளின் நம்பகத்தன்மை 0.80 என்றால், 0.20 வெறும் அளவீட்டுப் பிழை. அது முழுக்கப் "பகிராத சூழல்" கணக்கில் போய் உட்காரும். மேலே வந்த 0.40-இல் பாதி அதுதான். திருத்தினால் மரபுவழிமை 0.625, பகிர்ந்த சூழல் 0.125, பகிராதது 0.25. "பகிராத சூழல்" என்ற பெயரை வைத்துக்கொண்டு நண்பர்கள், ஆசிரியர்கள் என்று கதை சொல்வதற்குமுன் இதைக் கழித்துவிடுங்கள்.

தரவைக் கையில் எடுத்தால் இன்னும் சில இடங்களில் வழுக்கும். இரட்டையர் இருவருக்கும் ஒரே வயது. அளக்கும் பண்பு வயதோடு மாறுவதாக இருந்தால் இரண்டு ஒட்டுறவும் சேர்ந்து ஏறும், பகிர்ந்த சூழல் வீங்கும். முதலில் வயதையும் பாலினத்தையும் பின்னடைவுச் சமன்பாட்டில் நீக்கிவிட்டு மீதியை வைத்துக் கணக்கிடுங்கள். ஜோடியில் யார் "முதலாமவர்" என்பது தற்செயல். அதனால் சாதாரண பியர்சன் ஒட்டுறவு வேண்டாம், யார் முதல் என்ற வரிசையைப் பொருட்படுத்தாத வகுப்பக ஒட்டுறவு எடுங்கள். ஆண்-பெண் இருகரு ஜோடிகளைக் கலக்காதீர்கள், தனியாக வையுங்கள். ஒருகரு ஒட்டுறவு இருகருவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனால் சூத்திரம் பகிர்ந்த சூழலை எதிர்மறையாகக் காட்டும். அது கணக்குத் தவறு அல்ல. மரபணுக்கள் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன, அல்லது பெற்றோர் இருகருப் பிள்ளைகளை "இவன் அமைதி, அவன் வாலு" என்று எதிரெதிராக மதிப்பிடுகிறார்கள் என்பதற்கான அறிகுறி. பெற்றோர் நிரப்பிய வினாத்தாளில் இது அடிக்கடி வரும்.

ஒட்டுமொத்தமாக என்ன தெரியும் என்றால், 50 ஆண்டு இரட்டையர் ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வந்த தொகுப்பில் 17,804 பண்புகள், 1.45 கோடி ஜோடிகள். சராசரி மரபுவழிமை 49 சதவீதம். உங்கள் பாடநூலின் 0.50 அந்த அளவில் வழக்கமானதே. அதைப் படிக்கும் விதத்தில்தான் கோளாறு.

---

ஆய்வக_எலி எழுதியது:

மூன்றாம் கேள்விக்கு முதலில் ஈயிலிருந்து தொடங்குங்கள். 1971-இல் கோனப்காவும் பென்சரும் டிரோசோஃபிலா பழ ஈக்களில் ஒரே மரபணுவில் மூன்று திடீர் மாற்றங்களைக் கண்டார்கள். ஒன்றில் ஈயின் நாள் 19 மணி நேரம், இன்னொன்றில் 28 மணி நேரம், மூன்றாவதில் தாளமே இல்லை. மரபணுவின் பெயர் "பீரியட்". அது தயாரிக்கும் புரதம் இரவில் உட்கருவுக்குள் நுழைந்து தன் மரபணுவையே அடக்குகிறது; பிறகு சிதைகிறது; அடக்குமுறை விலகியதும் மறுபடி உற்பத்தி. இந்தச் சுற்று ஏறக்குறைய 24 மணி நேரம். இதை அவிழ்த்ததற்குத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017 நோபல்.

ஈயோடு நின்றால் மாணவர்கள் "மனிதனுக்கு?" என்பார்கள். அதற்கும் விடை உண்டு. சில குடும்பங்களில் மாலை 7.30 மணிக்கே தூக்கம் சொக்கி, விடிகாலை 4.30-க்கு விழித்துவிடுகிறார்கள். தூக்கத்தின் அளவு சரியாகவே இருக்கும், நேரம் மட்டும் முன்தள்ளி இருக்கும். அப்படி ஒரு குடும்பத்தில், ஈயின் பீரியட்டுக்கு மனித இணையான பெர்-2 மரபணுவில் 662-ஆம் இடத்தில் செரீன் இருக்கவேண்டிய இடத்தில் கிளைசீன் இருப்பது 2001-இல் தெரியவந்தது. அந்த செரீனில் பாஸ்பேட் ஏறாததால் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. மரபணு, புரதம், செல், நடத்தை என்று சங்கிலி அறுபடாமல் காட்டக்கூடிய மனித எடுத்துக்காட்டுகள் மிகக் குறைவு. இதை விடாதீர்கள்.

உணவு தேடுதலுக்கு "ஃபோரேஜிங்" மரபணு. ஈயின் புழுக்களில் அலைபவை, அமர்பவை என்று இரு வகை. ஈஸ்ட் பசை பூசிய தட்டில் விட்டு, 5 நிமிடத்தில் ஊர்ந்த தடத்தின் நீளத்தை அளந்தால் வகை பிரிந்துவிடும். அலைபவற்றில் ஒரு கைனேஸ் நொதியின் செயல்பாடு கூடுதல். வகுப்பறைக்கு முக்கியமான விஷயம், உணவில்லாத வெறும் அகர் தட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஊர்கின்றன. மரபணு வித்தியாசம் சூழலில் ஒன்று இருந்தால்தான் கண்ணுக்கே தெரிகிறது.

வோல் எலிகளின் "விசுவாச மரபணு" கதையைச் சொல்வதாக இருந்தால் முழுசாகச் சொல்லுங்கள். ஜோடி சேராத புல்வெளி வோல் ஆண்களின் மூளையில் வென்ட்ரல் பாலிடம் பகுதிக்குள் வாசோபிரசின் ஏற்பி மரபணுவை வைரஸ் மூலம் செலுத்தியபோது அவை ஒரே துணையை நாடின, இது 2004. அதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2023-இல், ஜோடி சேரும் பிரெய்ரி வோலில் ஆக்சிடோசின் ஏற்பியைக் கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறை கொண்டு முழுக்க நீக்கினார்கள், அவை அப்போதும் ஜோடி சேர்ந்தன. மூளைக்கு மாற்றுப்பாதைகள் உண்டு. வளர்ந்த விலங்கில் மருந்தால் அடைப்பதும் கருவிலிருந்தே இல்லாமல் போவதும் ஒன்றல்ல.

இனி, சுண்டெலியில் மரபணுவை நீக்கி நடத்தையை அளக்கும் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது எங்கே பார்க்கவேண்டும் என்று கொஞ்சம். முதலில் எலி இனம். எஃப்விபி, சி3எச் இரண்டு இனத்திலும் விழித்திரையை அழிக்கும் மாற்றம் ஏற்கனவே உண்டு. அவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, சுவரில் ஒட்டிய குறிகளைப் பார்த்து மேடையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் தவறும். கட்டுரையில் "நினைவாற்றல் குறைவு" என்று வரும். எலிக்குக் கண்ணே தெரியவில்லை, அவ்வளவுதான். மேடையைத் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வைத்து ஒரு சோதனை நடத்தியிருக்கிறார்களா என்று தேடுங்கள்; இல்லையென்றால் அந்த முடிவை நம்பாதீர்கள். டிபிஏ/2 இனத்துக்கு இளவயதிலேயே காது போகும், ஒலியால் பயமூட்டும் சோதனைக்கு ஆகாது.

அடுத்தது, உயர்த்திய கூட்டல்குறிப் பாதை. நான்கு கைகளில் இரண்டு திறந்தவை, இரண்டு சுவர் வைத்தவை. எலியை நடுவில் விட்டு 5 நிமிடம். திறந்த கையில் அதிக நேரம் இருந்தால் பதற்றம் குறைவு என்று வாசிப்பார்கள். ஆனால் சும்மாவே துறுதுறுவென்று ஓடும் எலி திறந்த கைக்கும் அதிக முறை போகும். மூடிய கைக்குள் எத்தனை முறை நுழைந்தது என்ற எண்ணைப் பாருங்கள், அதுவும் ஏறியிருந்தால் அது பதற்றக் கதை அல்ல, ஓட்டக் கதை. அதே எலியை இரண்டாம் முறை ஏற்றுவதும் வீண்; முதல் தடவையிலேயே இடம் பழகிவிடும், அதன்பின் திறந்த கைப்பக்கம் எட்டிப்பார்க்காது.

மூன்றாவது, எண்ணிக்கையில் ஏமாற்று. வேண்டுமென்று இல்லை, பழக்கத்தால். 4 ஈற்றிலிருந்து ஈற்றுக்கு 6 குட்டி எடுத்து "24 எலிகள்" என்பார்கள். ஒரே தாய், ஒரே கூண்டு, ஒரே பால். ஈற்றுக்குள் ஒட்டுறவு 0.3 என்றால் வீக்கம் 1 + 5 × 0.3 = 2.5. 24-ஐ 2.5-ஆல் வகுத்தால் 10 எலிகூடத் தேறாது. ஈற்றுக்கு ஒரு குட்டி எடுக்கவேண்டும், அல்லது ஈற்றைச் சமவாய்ப்பு விளைவாக வைத்துக் கலப்பு மாதிரி ஓட்டவேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் போதாது என்பதற்கு 1999-இல் வந்த ஆய்வு ஒன்று. எட்மன்டன், போர்ட்லண்ட், ஆல்பனி என்று மூன்று ஊர் ஆய்வகங்கள், அதே இனங்கள், அதே கருவிகள், அதே நடைமுறை. ஆல்கஹால் விருப்பம் போன்ற சில பண்புகள் மூன்று இடத்திலும் ஒத்துப்போயின. கூட்டல்குறிப் பாதை போன்றவற்றில் ஊருக்கு ஊர் முடிவு மாறியது.

சமன்பாடு "பகிராத சூழல்" பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மரபணுவில் ஒன்றேயான 40 சி57பிஎல்/6 பெண் எலிகளை ஒரே பெரிய கூட்டில் 3 மாதம் விட்டு நடமாட்டத்தைக் கணித்த 2013 ஆய்வில், நாளாக நாளாக அவை ஒன்றுக்கொன்று விலகிப்போயின. அதிகம் சுற்றியவற்றின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்களும் அதிகம். மரபணுவும் கூடும் ஒன்று, விலங்குகள் வேறு. அந்த 0.40-க்குள் இந்த மாதிரியான விலகலும் இருக்கிறது. "சூழல்" என்ற சொல் அதற்குப் பொருந்தவில்லை.

---

குரோமோ எழுதியது:

டிஎன்ஏ அறிக்கைக்கு வருகிறேன்.

"போர்வீரன் மரபணு" என்பது எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்ஏஓஏ. செரட்டோனின், டோபமின், நார்அட்ரினலின் ஆகியவற்றைச் சிதைக்கும் நொதி. 1993-இல் ஒரு டச்சுக் குடும்பத்தில் இதன் 8-ஆம் எக்சானில் ஒரு நிறுத்தக் குறி விழுந்து நொதியே இல்லாமல் போன ஆண்களிடம் திடீர் ஆவேசமும் லேசான அறிவுக்குறைபாடும் காணப்பட்டன. இது உண்மை, மிக மிக அரிது. அறிக்கையில் வருவது இது அல்ல. மரபணுவின் முன்பகுதியில் 30 டிஎன்ஏ எழுத்து கொண்ட துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பது. 3 முறை என்றால் குறைந்த செயல்பாடு, 4 முறை என்றால் அதிகம். 3 முறை உள்ளவர்கள் எங்கும் நிறைந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பெயரில் கட்டியதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு இன்னும் எளிமையானது. எச்சில் மாதிரி வாங்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது ஒற்றை எழுத்து மாற்றங்களைப் படிக்கும் சிப். திரும்பும் துண்டின் நீளத்தை அது நேரடியாக அளப்பதில்லை. அதற்குத் தனியாக அந்தப் பகுதியைப் பெருக்கி, ஜெல்லில் அல்லது நுண்குழாயில் ஓட்டி நீளம் பார்க்கவேண்டும். செரட்டோனின் கடத்தியின் "குட்டை, நெட்டை" வடிவமும் இதே கதைதான், அதுவும் நீள வித்தியாசம். பக்கத்து எழுத்தை வைத்து ஊகித்துச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, அடிப்படை ஆய்வுகளே நிற்கவில்லை. குட்டை வடிவமும் வாழ்க்கை நெருக்கடியும் சேர்ந்தால் மனச்சோர்வு என்று 2003-இல் வந்த கட்டுரை பெரிய அலையைக் கிளப்பியது. 2019-இல், மனச்சோர்வோடு அதிகம் தொடர்புபடுத்தப்பட்ட 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோர் தரவில் சோதித்தபோது, சும்மா தேர்ந்தெடுத்த மரபணுக்களைவிட அவை தேறவில்லை.

ஏன் இப்படி ஆனது என்பதைக் கணக்கிலேயே காட்டலாம். ஒரு தனி எழுத்து மாற்றம் நடத்தைப் பண்பின் மொத்த வேறுபாட்டில் விளக்குவது 0.02 சதவீத அளவில்தான். கல்வி ஆண்டுகளைப் பற்றி 1,26,559 பேரை வைத்து 2013-இல் வந்த ஆய்வில் தேறிய மூன்று மாற்றங்களும் இந்த அளவே. முழு மரபுத்தொகுதியையும் தேடும் ஜிவாஸ் ஆய்வில் சுமார் 10 லட்சம் சுதந்திரமான சோதனைகள் நடப்பதற்குச் சமம், ஆகவே 0.05-ஐ 10 லட்சத்தால் வகுத்து, 2 கோடியில் 1 என்ற பி மதிப்பை (விளைவே இல்லாமல் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) கேட்கிறோம். 0.02 சதவீத விளைவை அந்த வாசலில் 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க ஏறத்தாழ 1.98 லட்சம் பேர் தேவை. 300 பேரை வைத்துக்கொண்டு, 0.05 வாசலிலேயே, அதே வாய்ப்போடு பிடிக்கக்கூடிய மிகச் சிறிய விளைவு 2.6 சதவீதம். அதாவது உண்மையைப்போல் 130 மடங்கு. அந்தக் காலத்து ஆய்வுகள் பலவற்றின் அளவு இப்படி நூற்றுக்கணக்கில்தான். அங்கே பி மதிப்பு தேறியதென்றால் பெரும்பாலும் இரைச்சல் தேறியது என்று பொருள்.

பாலிஜீனிக் மதிப்பெண் (ஏராளமான எழுத்து மாற்றங்களின் சிறு விளைவுகளைக் கூட்டிய எண்) இதைவிட மேல், ஆனால் தனி மனிதனுக்கு ஜாதகம் அல்ல. 2022-இல் 30 லட்சம் பேரை வைத்துக் கட்டிய கல்வி மதிப்பெண் வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதத்தை விளக்குகிறது, அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரிடையே. அதே மதிப்பெண்ணை ஒரே வீட்டு உடன்பிறப்புகளுக்குள் ஒப்பிட்டால் விளைவின் அளவு ஏறக்குறையப் பாதியாகிறது. மீதி எங்கே போயிற்று? பெற்றோரின் மரபணு, பெற்றோர் அமைத்த வீட்டின் வழியாகவும் பிள்ளைக்கு வருகிறது. உடன்பிறப்புகளுக்கு வீடு ஒன்று என்பதால் அந்தப் பங்கு கழிந்துவிடுகிறது.

வம்சாவளிக் கலப்பை ஏன் அஞ்சவேண்டும் என்று கேட்டால் வகுப்பில் இதைச் சொல்லுங்கள். இரண்டு மொழி பேசும் மக்களைக் கலந்து, "தாய்மொழி எது" என்பதைப் பண்பாக வைத்து ஜிவாஸ் ஓட்டினால் ஆயிரக்கணக்கில் "மொழி மரபணுக்கள்" கிடைக்கும். எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதில் இரு கூட்டத்துக்கும் இடையே ஏற்கனவே வேறுபடும் எழுத்துகள் அத்தனையும் எழுந்து நிற்கும், ஒன்றுக்கும் மொழியோடு உறவு கிடையாது.

---

பாடக்குறிப்பு எழுதியது:

மிக்க நன்றி. ஈற்றுக் கணக்கையும் 130 மடங்கையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். ஸ்கிட்ஸோஃப்ரினியாவில் ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவு. ஆனால் மரபுவழிமை 0.80 பக்கம் என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? அப்புறம் எபிஜெனெட்டிக்ஸ் (டிஎன்ஏ எழுத்து மாறாமலே மரபணுவின் செயல்பாடு மாறுவது) பற்றி ஒரு பத்தியாவது எழுதவேண்டும், அதில் எதைத் தவிர்க்கலாம்?

---

சமன்பாடு எழுதியது:

ஒத்துப்போகும். நோய் "உண்டு, இல்லை" என்று தெரிந்தாலும் அடியில் நோய்ச்சாய்வு தொடர் அளவாக, மணிவடிவில் பரவியிருக்கிறது, ஒரு எல்லைக்கோட்டைத் தாண்டியவர்களுக்கு நோய் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகையில் 1 சதவீதம் என்றால் கோடு சராசரிக்கு மேலே 2.33 திட்ட விலக்கத்தில். இனி, ஒருகரு ஒத்திசைவு (ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும் விகிதம்) 45 சதவீதம், இருகரு 12 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். சாய்வு அளவில் மாற்றினால் ஒட்டுறவு முறையே சுமார் 0.845, 0.48. வித்தியாசத்தை இரட்டித்தால் 0.73. 1 சதவீத வாய்ப்பு 45-ஆகப் பாய்கிறதே, அதுதான் பெரிய எண். 45-ஐ 100-ஓடு ஒப்பிடுவதால் சிறியதாகத் தெரிகிறது, ஒப்பிடவேண்டியது 1-ஓடு.

அந்த 0.73 நோய்க்கு அல்ல, நோய்ச்சாய்வுக்கு. இதைக் குறிப்பில் தனியாக எழுதிவிடுங்கள். நோய் வராத ஒருகரு இரட்டையரின் பிள்ளைகளைப் பார்ப்பது இன்னொரு சோதனை. டென்மார்க்கில் 1989-இல் வந்த ஆய்வில் நோயுற்றவரின் பிள்ளைகளுக்கு 16.8 சதவீதம், நோய் வராத இரட்டையரின் பிள்ளைகளுக்கு 17.4 சதவீதம். சாய்வு வெளியே தெரியாமலே கைமாறுகிறது என்று படிக்கலாம். ஆனால் அதே ஆண்டு நார்வே ஆய்வில் இரண்டாவது எண் குறைவாகவே வந்தது. இரண்டிலும் ஆள் எண்ணிக்கை சிறியது, ஒன்றை மட்டும் காட்டி முடிவு கட்டவேண்டாம்.

---

ஆய்வக_எலி எழுதியது:

எபிஜெனெட்டிக்ஸுக்குத் தாய் எலி நக்குதலை எடுங்கள். குட்டிகளை அதிகம் நக்கிச் சீராட்டும் தாய், குறைவாகச் செய்யும் தாய் என இரு வகை. அதிகம் நக்கப்பட்ட குட்டி வளர்ந்தபின் நெருக்கடியில் குறைவாகப் பதறுகிறது. பிறந்தவுடன் குட்டிகளை மாற்றி வைத்தால் வளர்த்த தாயின் வழியில் போகிறது. ஆக, இது பெற்ற தாயின் மரபணு மட்டுமல்ல. 2004 ஆய்வில் ஹிப்போகாம்பஸில் குளுகோகார்ட்டிகாய்டு ஏற்பி மரபணுவின் முன்பகுதியில் மெத்தில் அடையாளம் (டிஎன்ஏ மேல் ஒட்டி, பெரும்பாலும் மரபணுவை அடக்கும் வேதிக் குறி) வேறுபடுவதையும், அது பிறந்த முதல் வாரத்தில் உருவாவதையும், வளர்ந்தபின் மருந்தால் திருப்பமுடிவதையும் காட்டினார்கள்.

தவிர்க்கவேண்டியது, "தாத்தாவின் துயரம் பேரனின் மரபணுவில்" என்ற தாவல். மேலே சொன்னதில் அடையாளம் விந்தணு, முட்டை வழியாகக் கைமாறவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் நக்குதல் அதைப் புதிதாக எழுதுகிறது. மனித ஆய்வுகளில் மூளைத் திசு கிடைக்காது, இரத்தத்தில் பார்க்கிறார்கள். இரத்தத்தில் எந்த வகை வெள்ளணு எத்தனை சதவீதம் என்பது மாறினாலே மெத்தில் அளவு மாறும். புகைபிடித்தல் ஏஎச்ஆர்ஆர் மரபணுவில் விடும் தடயம் மிகப் பெரியது. துயரப்பட்டவர்கள் அதிகம் புகைத்தால் "துயரத்தின் தடயம்" என்று வருவது புகையின் தடயமாக இருக்கும். அணு விகிதத்தையும் புகையையும் கழிக்காத கட்டுரையைக் குறிப்பில் சேர்க்காதீர்கள்.

---

குரோமோ எழுதியது:

ஒரு பின்குறிப்பு. மாணவர்கள் தங்கள் மூலக்கோப்பைத் திறந்து, ஆர்எஸ் 6265 என்ற வரியில் "சி, டி" என்று இருக்கிறதே, கட்டுரையில் "ஜி, ஏ" என்றல்லவா இருக்கிறது, அறிக்கை தப்பா என்று கேட்பார்கள். தப்பில்லை. அந்த இடம் இருக்கும் பிடிஎன்எஃப் மரபணு, டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதிர் இழையில் எழுதப்பட்டிருக்கிறது. கோப்பு நேர் இழையைப் படிக்கிறது. எனவே கோப்பில் சி என்றால் கட்டுரையில் ஜி, அதாவது வேலின். கோப்பில் டி என்றால் கட்டுரையில் ஏ, அதாவது மெத்தியோனின். ஆனால் ஆர்எஸ் 4680, அதாவது காம்ட் மரபணு, நேர் இழையிலேயே இருக்கிறது. அங்கே ஜி வேலின், ஏ மெத்தியோனின், திருப்பவேண்டாம். இழை பார்க்காமல் எல்லா வரியையும் ஒரே மாதிரி திருப்பினால் பாதி தப்பாகும்.